மூன்றிலேயே நிற்கும் பெட்டி

“மூணுக்கு மேல போக மாட்டேங்குது மேடம்” என்றார் தணிகாசலம்.

எஸ்தர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பம்ப் ஹவுஸுக்குள் வந்தார்.

ஆற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஆட்டிவைப்பது ஒரு சின்னப் பெட்டி. அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. பின்புறம் ஒரு சீரியல் போர்ட் மட்டும் உண்டு. அதில் கேபிளை மாட்டி, லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, மினிகாம் என்று கட்டளை தட்டினால் பெட்டியோடு பேசலாம்.

அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தவர் எஸ்தர். கற்றுக்கொண்டவர் பம்ப் ஆபரேட்டர் தணிகாசலம். சீடர் ரிட்டயர் ஆகப் போகிறவர். குருவின் பையன் யூகேஜி படிக்கிறான்.

காலையில் கரண்ட் போய் வந்தது. பெட்டி அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. ஊர்த் தொட்டி காலி.

“மினிகாம்ல ஸ்பீடு சரியா வச்சிருக்கீங்களா அண்ணே?”

“அதே ஸ்பீடுதான். எழுத்தெல்லாம் பளிச்சுன்னு வருது. கேபிளையும் மாத்திட்டேன். ஆன் பண்ணினா மூணுன்னு காட்டுது. அதோட நின்னுருது. அப்புறம் நான் எதைக் கேட்டாலும் புரியலைங்குது.”

“நீங்க என்ன பண்றீங்க?”

“நான் என்ன பண்றது? ஒரு நிமிஷம் அதை விட்டு நகரல. சாப்பிடக்கூட போகல மேடம்.”



வெளியே ஜீப் நின்றது. சாயங்காலத்துக்குள் பெட்டி எழாவிட்டால் அதைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. சென்னைக்குப் போன பெட்டி எப்போது திரும்பும் என்பது சென்னைக்கே தெரியாது.

ஜீப்புக்குப் பக்கத்தில், கேட்டைப் பிடித்துக்கொண்டு, காலிக் குடங்களோடு பெண்கள். முன்வரிசையில் தணிகாசலத்தின் மனைவி கனகவல்லி. காலையிலிருந்து தணிகாசலம் வெளியே தலைகாட்டாததற்கு அதுவும் ஒரு காரணம்.

“ஒரு தடவை ஆன் பண்ணுங்க. பாக்கறேன்” என்றார் எஸ்தர்.

தணிகாசலம் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு ஓடிவந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

திரையில் எழுத்துகள் ஓடின. அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் எண்டர் பொத்தான்மேல் இருந்தது. கைக்குழந்தையைத் தூங்கவைப்பதுபோல, மெதுவாக, விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்று என்று வந்தது. நின்றது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றார் எஸ்தர்.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

வெளியே யாரோ ஜீப் டிரைவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, பெட்டிக்குப் பின்னாடி போங்க.”

போனார்.

“கேபிள் தலையை ரெண்டு கையாலயும் பிடிங்க. நல்லா அழுத்திப் பிடிக்கணும். நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது.”

“லூசா இருக்கா மேடம்?”

“பிடிங்க.”

தணிகாசலம் முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்தார். எஸ்தர் லேப்டாப்பை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார்.

எழுத்துகள் ஓடின.

மூன்று.

தணிகாசலத்தின் விரல் துடித்தது. கேபிளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“மேடம், எண்டரை ஒரு தட்டு தட்டுங்களேன்.”

எஸ்தர் கையைக் கட்டிக்கொண்டார்.

“மேடம்...”

இரண்டு.

அன்று முழுக்க அவர் பார்க்காத எண் அது. மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஒன்று.

அதற்குப் பிறகு திரை நிற்கவே இல்லை. வரி வரியாக மளமளவென்று ஏறிக்கொண்டே போனது. பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. தரையோடு போகும் பெரிய குழாய் அதிர்ந்தது. கேட்டோரக் குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் தண்ணீர் வந்தது. யாருடைய குடமோ கீழே விழுந்து உருண்டது.

தணிகாசலத்தின் கண்ணில் நீர் நின்றது. துடைக்கக் கை காலி இல்லை.

“இப்ப விடலாம்” என்றார் எஸ்தர்.

விட்டார். மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

“சனியன் பிடிச்ச கேபிள். காலையிலயே எனக்குத் தோணியிருக்கணும்.”

“இழுத்துப் பாருங்க அண்ணே.”

“இப்பவா? கழண்டு வந்துட்டா?”

“இழுங்க.”

பயந்து பயந்து இழுத்தார். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். பெட்டி அசைந்தது, கேபிள் அசையவில்லை. குனிந்து பார்த்தார். இரண்டு பக்கத் திருகுகளும் கடைசிவரை முடுக்கப்பட்டிருந்தன. முடுக்கியது அவரேதான்.

தணிகாசலம் கேபிளைப் பார்த்தார். எண்டர் பொத்தானைப் பார்த்தார். அப்புறம் தன் விரலைப் பார்த்தார்.

“அப்போ காலையிலேர்ந்து அது எண்ண ஆரம்பிக்கிறப்பல்லாம் நான்தான் தட்டித் தட்டி நிறுத்திட்டிருந்தேனா...”

எஸ்தர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்துக்கு முதலில் காது சூடானது. பிறகு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே வெளியே வந்தார்.

நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கனகவல்லி கேட்டார்.

“அப்படி எதுங்க கெட்டுப் போயிருந்துச்சு?”

தணிகாசலம் தன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார்.

கேட்டருகே இருந்த அத்தனை பெண்களும் குலவையிட்டார்கள்.