வாசலில் நின்ற மேளம்

கிளப்பின் போக்கர் போட்டியில் மிஞ்சியது ஐந்து பேர். பரிசோ நாலு பேருக்குத்தான். மில் முதலாளி கனகசபாபதி ஜெயிப்பதற்கு முன்பே மேளக்காரர்களை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"சமையல்காரனெல்லாம் ஆட வந்துட்டான்! முடிஞ்சா என்னைக் கவுத்துப் பாருடா!"

கிளப் சமையல்காரர் லூர்துசாமி லேசுப்பட்ட ஆளா? தன் சீட்டைத் தொடாமலே பந்தயக் காய் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். முதலாளியிடமும் அதே அளவு காய்தான். தோற்பவர் வெறுங்கையோடு வெளியே போகவேண்டும். கையில் ராஜா ஜோடி இருந்தும் முதலாளி வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தவிலைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டதும், இந்த ஆட்டம் வேண்டாமென்று சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

லூர்துசாமி தன் சீட்டைத் திருப்பினார். ஒன்றுக்கும் உதவாத சீட்டு!

"எதைப் பாத்துடா இவ்வளவு தைரியம்?"

"மேளத்தைப் பாத்துத்தான் முதலாளி. தோத்தா நான் பின்கட்டு வழியா அடுப்படிக்குப் போயிருவேன். நீங்க அந்த மேளக்காரங்களைத் தாண்டில்ல போகணும்!"