செவந்தி வீசாத வலை

சாயப்பட்டறை முதலாளி நாச்சிமுத்து, ஆற்றில் மீன் பிடிக்கும் செவந்தியைக் கூப்பிட்டனுப்பினார். பட்டறைக் கழிவால் ஆறு கெட்டுவிட்டதா என்று பார்க்க மறுநாள் ஓர் அதிகாரி வருகிறார். எத்தனை வகை மீன் இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆற்றின் நிலையைச் சொல்வாராம்.

"அவர் முன்னால நாலஞ்சு வகை மீனாச்சும் காட்டோணும். இல்லீன்னா உன் புருஷனுக்குப் பட்டறையில வேலை இல்லை."

செவந்தியின் வலையில் கெளுத்தியைத் தவிர வேறு மீன் விழுந்து வெகுகாலமாயிற்று. கெட்ட தண்ணீரைத் தாங்குவது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் முதலாளியின் ஆட்கள் வெளியூர்க் குளத்து மீன்களை லாரியில் கொண்டுவந்து ஆற்று மடுவில் கொட்டினார்கள். அவை தப்பிப் போகாமல் தண்ணீருக்கடியில் தடுப்பும் கட்டினார்கள். சற்று நேரத்தில் அதிகாரி வந்து சேர்ந்தார்.

"வலையை வீசு," என்றார் முதலாளி.

செவந்தி வலையை விரித்துப் பார்த்தாள். "கிழிசல் இருக்குதுங்க. தெச்சுட்டு வீசறனுங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்லை." முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது.

"இந்த ஆத்துலயே பொறந்து வளந்த மீனுங்க. எங்கீங்க போயிரப் போகுது?"

அதிகாரி முதலாளியின் முகத்தைப் பார்த்தார். "தைக்கட்டும். நான் இருக்கிறேன்," என்று கரையில் உட்கார்ந்துவிட்டார்.

செவந்தி ஊசியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கெண்டை மேலே வந்து வாயைப் பிளந்தது. பின்னாலேயே கட்லா, ரோகு, கொண்டுவந்து கொட்டிய அத்தனையும் மல்லாந்து மிதந்தன.

கழிவுக் குழாயை அன்றே அடைக்கச் சொன்னார் அதிகாரி.

"ஏன் வலையை வீசலை?" முதலாளி பல்லைக் கடித்தார்.

"மீனைக் காட்டச் சொன்னீங்க. வலையில்லாமலே காட்டிட்டனுங்களே."

அதிகாரி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவள் புருஷனின் வேலையைப் பற்றி முதலாளி வாயைத் திறக்கவில்லை.