அப்பளக் கொட்டகைக்கு வந்த இளைஞன்

சுண்டைப்பட்டி என்று ஒரு ஊர். அந்த ஊரில் அறிவை ரொம்பச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்கள். அதிலும் படு சிக்கனம் அப்பளக் கொட்டகை முதலாளி அம்பலவாணன்.

அரும்பு மீசையோடு அவரும் கூட்டாளிகளும் ஆரம்பித்த கொட்டகை அது. இப்போது அத்தனை பேர் தலையும் தும்பைப் பூ. அம்பலவாணனுக்கு வீட்டைவிடக் கொட்டகைதான் உசிர். பெருங்காய வாசனை இல்லாவிட்டால் அவருக்கு மூச்சே முட்டும்.

ஒருநாள் ராஜாவின் தண்டோரா வந்தது. "பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தொழிற்கூடம் எதுவானாலும் ஓர் இளைஞனையாவது வேலைக்கு வைக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், இல்லையென்றால் பூட்டு! சுண்ணாம்புக் காளவாய், கிணறு வெட்டு மாதிரி ஆபத்தான தொழிலுக்கு மட்டும் விலக்கு!"

அம்பலவாணன் கூட்டாளிகளைக் கூட்டினார். "பூட்டிட்டா நான் எங்க போயி உசிரோட இருப்பேன்?"

மாவு பிசையும் சடையன் தாடையைத் தடவினார். "புது ஆளுக்கு வேலை பழக்கறதவிட நம்ம தொழில ஆபத்தாக்கறது சுளுவு, மொதலாளி."

பக்கத்து ஊரிலிருந்து முட்டுகிற காளை ஒன்றைப் பிடித்து வந்து கொட்டகைக்குள் விட்டார்கள். அது ஒரு பாய் அப்பளத்தைத் தின்றது, சடையனின் நரைத்த தலையை நக்கிக் கொடுத்தது, நிழல் பார்த்துப் படுத்துவிட்டது.

"ஆபத்து அசை போடுது மொதலாளி" என்றார் சடையன், வருத்தத்தோடு.

வேறு வழியில்லாமல் மருதையன் என்ற இளந்தாரியை வேலைக்கு வைத்தார்கள். பயல் சூட்டிகை. வந்த அன்றே குழவியைப் பிடித்து மளமளவென்று அப்பளம் இட்டான். அப்பளம் காயப்போடும் கூத்தபிரான் அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாமளும் இங்க சேர்றப்ப இவனாட்டம்தானே இருந்தோம்?"

"ஆமா."

"அப்புறம் எப்படி இப்படி ஆனோம்?"

எல்லோரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேலை செஞ்சுதான்!"

அம்பலவாணன் பதறிப்போனார். "அடப்பாவிகளா, அவன் கையிலேர்ந்து குழவியப் பிடுங்குங்கடா! அதிகாரி வர்ற வரைக்கும் பய கெடாம இருக்கணும்!"

அன்றிலிருந்து மருதையனுக்குக் கயிற்றுக் கட்டில். ஒருவர் விசிற, ஒருவர் ஈ ஓட்டினார். "கை காலெல்லாம் மரத்துப்போச்சுய்யா, ஒரே ஒரு அப்பளம் இட்டுக்கிறேன்" என்று அவன் கெஞ்சியும் யாரும் மசியவில்லை.

அதிகாரி வரும் நாளும் வந்தது. எல்லோரும் தெருமுனைக்குப் போய் அவரை எதிர்பார்த்து நின்ற நேரத்தில், மருதையன் ஆசை தாங்காமல் உளுந்து மாவு மூட்டையைத் தூக்கினான். கட்டு அவிழ்ந்து மாவு பூராவும் தலையில் கொட்டியது.

கையில் பூட்டோடு அதிகாரி உள்ளே வந்தார். பின்னாலேயே வந்த அம்பலவாணன் மருதையனைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டார். "போச்சே! கண் மூடித் திறக்கறதுக்குள்ள நரைச்சிட்டானே!"

சடையன் அவர் காதைக் கடித்தார். "நல்லதாப் போச்சு மொதலாளி. காலையில இளந்தாரி, இப்பக் கிழவன். காளவாயில கூட இப்படி ஆகாது. விலக்கு கேளுங்க!"

அம்பலவாணன் கேட்டும் விட்டார். அதிகாரி மருதையனின் தலையில் ஒரு விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "போய்க் குளத்துல ஒரு முங்கு போட்டுட்டு வா" என்றார்.

மருதையன் கொட்டகையை ஒட்டிய குளத்தில் முங்கினான், கன்னங்கரேல் என்ற தலையோடு எழுந்தான்.

"இளைஞனை வச்சா மட்டும் போதாது, வேலை கொடுக்கணும்" என்று அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார். "பக்கத்து ஊருக்குப் போயிட்டு வர்றேன். திரும்பறப்ப இவன் சும்மா இருந்தான்னா பூட்டுதான்."

அவர் சொன்னது யார் காதில் விழுந்தது? எல்லோர் கண்ணும் குளத்தின் மேல் இருந்தது. அவர் தலை மறைந்ததுதான் தாமதம், முதலாளி முதல் அத்தனை பேரும் தொபுக்கடீரென்று குதித்தார்கள். முங்கி முங்கி எழுந்தும் நரை நரையாகவே இருந்தது. அம்பலவாணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூத்தபிரான்தான் தேற்றினார். "ஈரத்துல எப்படித் தெரியும் மொதலாளி? அப்பளமே காஞ்சாத்தானே பதத்துக்கு வருது!"

அதிகாரி திரும்பி வந்தபோது கொட்டகை காலி. வெளியே வெயிலில், அப்பளப் பாய்களுக்கு நடுவே பெரியவர்கள் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். மருதையன் வேர்த்து விறுவிறுத்து அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். பயல் சும்மா இருக்கிறான் என்று யாராலும் சொல்ல முடியாது. பூட்டை மடியில் செருகிக்கொண்டு, "அப்படி என்ன வேலைதான் கொடுத்தீங்க இவனுக்கு?" என்று கேட்டார்.

அம்பலவாணன் கண்ணைத் திறக்கவில்லை. "செத்த பொறுங்கய்யா, இந்த வரிசைய முடிச்சிட்டு அவனே வந்து சொல்வான். டேய் மருதையா, என்னைய மொதல்ல திருப்பிப் போடு. ஒரு பக்கம் மட்டும் இளசாகி நின்னுடப் போகுது!"