சேசையன் நின்ற வரிசை

கரிசல்குடிக் கத்தோலிக்கப் பங்கின் உபதேசியார் வியாகுலத்துக்கு அறுபத்தொரு வயது. பங்குச்சாமி அமிர்தராயருக்கு அவருக்கு மகனாகக்கூடிய வயதுதான் இருக்கும். ஆனாலும் வியாகுலம் வேதம் கற்றுக்கொண்டது அவரிடம்தான். போன மாதம் பூசையில் நற்கருணை அப்பம் வழங்கும் பொறுப்பையும் சாமி அவருக்குக் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை வியாகுலம் சாமியைத் தேடி வந்தார். சேசையன் சிறையிலிருந்து திரும்பிவிட்டானாம், ஞாயிறு பூசைக்கு வருவானாம் என்றார். ஏழு வருடத்துக்கு முன்பு குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டியவன் சேசையன். அதில் அடிபட்டுச் செத்தவள் வியாகுலத்தின் ஒரே மகள் ரெஜினா.

“அவன் என் முன்னாடி வந்து நின்னா நான் என்ன செய்ய, சாமி?”

“என்ன செய்வீங்கன்னு பயப்படுறீங்க?”

“தெரியல. அதுதான் பயமா இருக்கு.”

நற்கருணை வாங்க சாமி முன்னால் ஒரு வரிசை, வியாகுலம் முன்னால் ஒரு வரிசை நிற்கும். அவன் எந்த வரிசையில் நிற்கிறானோ அதைச் சாமியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சாமி சரியென்றார். அப்படியும் மூன்று நாள் வியாகுலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தெக்லா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சேசையன் கடைசித் தூணோரம் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நற்கருணை நேரத்தில் அவன் உட்கார்ந்திருந்த பக்கமாக வந்த வரிசைக்குச் சாமி போய் நின்றார், மறுபக்க வரிசைக்கு வியாகுலம். சேசையனும் எழுந்து அதில் சேர்ந்தான். வியாகுலத்துக்கு மூச்சு வந்தது.

அவனுக்கும் சாமிக்கும் நடுவில் இன்னும் இரண்டே பேர். சேசையன் நின்றான். பிறகு விலகி நடந்து, வியாகுலத்தின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டான்.

கோவில் முழுக்கப் பார்த்தது. சாமி மட்டும் திரும்பவில்லை.

ஐந்து பேர். மூன்று பேர். கடைசியில் இரண்டு உள்ளங்கைகள் வியாகுலத்தின் முன் நீண்டன.

அப்பத்தை எடுத்த விரல்கள் பாத்திரத்துக்கு மேலேயே நின்றுவிட்டன. பாட்டு முடிந்துபோனது. சேசையன் தலை நிமிரவில்லை, நகரவும் இல்லை.

“கிறிஸ்துவின் திருவுடல்” என்றார் வியாகுலம். அவருக்கே கேட்காத குரல்.

“ஆமென்.”

பூசை முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்ததும் வியாகுலம் அங்கியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“வேற ஆளைப் பார்த்துக்குங்க, சாமி. நான் பொய்யா கொடுத்துட்டு வந்திருக்கேன். கைதான் கொடுத்துச்சு. மனசுல மன்னிப்புங்கிறது ஒரு பொட்டுகூட இல்ல.”

சாமி தன் அங்கியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“சேசையன் உங்ககிட்ட வாங்கினது உங்களுடையதா?”

“இல்ல, ஆண்டவருடையது. ஆனா அதைத் தொடுற கைக்கு ஒரு தகுதி வேணாமா?”

“வரிசைக்குப் போறதுக்கு முன்னாடி, பீடத்துக்கிட்ட நீங்க என் கையிலிருந்து வாங்கினீங்க. அப்போ உங்க மனசுல என்ன இருந்துச்சு?”

வியாகுலம் மேசைமேல் கிடந்த அங்கியை எடுத்து மடித்தார்.

“அவன் செத்திருக்கலாமேன்னு இருந்துச்சு.”

“தெரிஞ்சுதான் கொடுத்தேன்” என்றார் சாமி.