முப்பத்தாறு அங்குலம்

மனைவி இறந்த நாற்பதாம் நாள் வையாபுரி பின்னல் கற்றுக்கொள்ளப் போனார்.

அவருக்கு எழுபத்தொரு வயது. தேயிலைத் தோட்டச் சங்கத்துக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தவர். கோத்தகிரிச் சரிவில் அவர் குரல் கேட்காத ஆலை வாசல் கிடையாது. அந்தக் குரல் பெற்றுத் தந்ததையெல்லாம் கைநீட்டி வாங்கிக்கொண்டவர்கள், இப்போது வழியில் அவரைக் கண்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள்.

சலோமி டீச்சருக்கு ஐம்பத்து மூன்று. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக்கொடுத்தார். வையாபுரியின் மனைவி வெள்ளையம்மா பல ஆண்டுகள் அந்த அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னியவர்.

வையாபுரி வாசலில் நின்றார்.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து கேளுங்க, தலைவரே.”

உள்ளே ஆறு பெண்கள் இருந்தார்கள். ஆறு ஜோடி ஊசிகளும் நின்றன.

“தனியா இருக்கிறது எப்படி?”

டீச்சர் எழுந்தார். ஒரு ஜோடி ஊசியை எடுத்து, பழைய நூலில் வளையம் வளையமாக இருபது கண்ணி ஏற்றி, அவர் கையில் கொடுத்தார்.

“இதுதான் பதிலா?”

“இது எட்டாம் நம்பர் ஊசி. உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஒவ்வொரு கண்ணியையும் போட்டு முடித்ததும் நூலைச் சுண்டி இழுத்தார். மூன்றாவது வரியில் கண்ணிகள் ஊசியைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. அடுத்த ஊசி நுழைய இடமில்லை.

பக்கத்தில் இருந்த ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

“கழுத்தை நெரிக்காதீங்க தலைவரே. அது மேனேஜர் இல்ல.”

பெண்கள் சிரித்தார்கள். நாற்பது நாளாக அவருக்குப் பக்கத்தில் யாரும் சிரித்திருக்கவில்லை. அவர் கோபப்பட நினைத்தார். கோபம் வரவில்லை.

டீச்சர் மூன்று வரியையும் பிரித்து, மறுபடி இருபது கண்ணி ஏற்றிக் கொடுத்தார்.

“வெள்ளிக்கிழமை வாங்க.”

*

வீட்டில் இரண்டு அறைகள். முன்னறைச் சுவரில் ஒரு மரத்தட்டு இருந்தது. அதன்மேல் ஒரு கூடை. கூடையில் நூல் உருண்டைகள். அந்தத் தட்டு நூலுக்காக அடித்ததல்ல.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தில் நாற்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நாற்பத்தொன்றாம் நாள் காலையில் ஒருவன் நிர்வாகத்தின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனான். மறுநாள் முப்பது பேர் அவன் பின்னால் போனார்கள். அதற்கடுத்த நாள் எல்லாம் முடிந்தது. பதினான்கு பேருக்கு வேலை போயிற்று. முதலில் கையெழுத்துப் போட்டவன் செங்கதிர். வையாபுரியின் ஒரே மகன். அப்போது அவனுக்கு இருபத்து நான்கு வயது.

அவனை ஆலையில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு டிவி வாங்கி வந்து, தட்டு அடித்து, அதன்மேல் வைத்தான். வையாபுரி கூட்டம் முடிந்து வந்தார். டிவியைத் தூக்கிக்கொண்டு போய் மழையில் வைத்தார்.

“பதினாலு குடும்பத்தோட சோறு அது. ஒண்ணு அது இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

செங்கதிர் போட்டிருந்த சட்டையோடு இறங்கிப் போனான். குன்னூரில் வேறு ஆலையில் வேலை தேடிக்கொண்டான். டிவி இரண்டு நாள் மழையில் கிடந்தது. வெள்ளையம்மா அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். மூன்றாம் நாள் அதை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

அதன்பிறகு வெள்ளையம்மா அந்தத் தட்டில் நூல்கூடையை வைத்தார். பின்னினார். பீன்ஸ் கொடி வைத்தார். பூனை வளர்த்தார். வையாபுரி ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போனார்.

வெள்ளையம்மா இறந்த அன்று செங்கதிர் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. அப்பா கூப்பிடட்டும் என்று சாலையோரம் தேயிலைச் செடிகளை ஒட்டி நின்றான். வையாபுரி பார்த்தார். கூப்பிடவில்லை. பாடையைத் தூக்கியதும் அவன் எல்லோருக்கும் கடைசியில் நடந்து வந்தான். எல்லோருக்கும் முன்னால் பஸ் ஏறிப் போனான்.

சுவர்க் காலண்டரின் அட்டை ஓரத்தில் அவன் போன் நம்பர் பென்சிலால் எழுதியிருந்தது. வெள்ளையம்மாவின் கையெழுத்து. வையாபுரி தினமும் தேதி கிழித்தார். நம்பரைப் பார்க்காமல் கிழித்தார்.

இப்போது வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் இருந்தது. அவருடைய இருமல் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு தூக்கு நிறைய பீன்ஸ் கொண்டுவந்தார். டீச்சர் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, நார் இழுத்தது.

“முத்திப் போச்சு. தினமும் பறிக்கணும்.”

“தினமும் பறிச்சு யாருக்குப் போடுறது?”

“விதைக்கு வெச்சுக்கோங்க.”

அவர் ஊசியை எடுத்துக்கொண்டார். நான்கு வரி போட்டார். பிறகு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“பூனைங்க கிட்ட வர மாட்டேங்குது, டீச்சர். மத்தி மீன் வாங்கிப் போட்டேன். நான் உள்ள போன பிறகுதான் வந்து திங்குது.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா?”

“பூனைக்கு என்ன பேரு?”

“சங்கத்துக்கு ஆள் சேர்த்தப்போ பேர் கேக்காமலா அட்டை கொடுத்தீங்க?”

டீச்சரே சொன்னார்.

“சாம்பல் குட்டி இருக்கே, அது மூட்டம். செவலை, டீத்தூள்.”

“காது கிழிஞ்ச கிழட்டுக் கடுவன்?”

டீச்சர் கொஞ்ச நேரம் கண்ணி எண்ணுவதுபோல இருந்தார்.

“அது தோழர்.”

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் குனிந்து பின்னினார்கள்.

“அதுக்கு இப்போ பதினோரு வயசு” என்றார் டீச்சர். “தோழர் சாப்பிட்டாச்சா, தோழர் இன்னிக்கு எந்த ஊர்ல பேசிட்டு வந்தீங்கன்னு அது கூடத்தான் வெள்ளையம்மாக்கா பேசிட்டு இருப்பாங்க.”

வையாபுரி அன்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் பந்தலுக்கு நடுவே நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. பத்தாயிரம் பேர் முன்னால் உரக்கச் சொல்லிப் பழகிய சொல்லை, வேலிக்கு அப்பால் கேட்காதபடி சொன்னார்.

“தோழர்.”

கொடிகளுக்குள்ளிருந்து கடுவன் பூனை வந்தது. அவர் காலில் ஒருமுறை உரசியது. பிறகு அவரைத் தாண்டி, திறந்திருந்த கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

*

மாதம் ஒன்று போயிற்று. வையாபுரியின் கண்ணிகள் தளர்ந்தன. ஊசி தடையில்லாமல் நுழைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் எல்லோரும் போன பிறகு, மஞ்சள் பை ஒன்றை டீச்சர் முன் வைத்தார்.

“அவ கடைசியாப் பின்னிட்டு இருந்தது. பாதியில நிக்குது. இதை நான் முடிக்கணும்.”

டீச்சர் எடுத்து விரித்தார். ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம். அடியில் சிவப்புப் பட்டி. மேலே சாம்பல் நூல். அக்குளுக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது.

“கடைசி மூச்சு வரைக்கும் எனக்காகத்தான் உழைச்சா” என்றார் வையாபுரி.

டீச்சர் அதை அவர் மடியில் வைத்தார்.

“கண்ணி எண்ணுங்க.”

கூட்டத்தில் தலைகளை எண்ணிப் பழகியவர். வேகமாக எண்ணினார்.

“தொண்ணூறு.”

“ஒரு அங்குலத்துக்கு?”

நாடாவை வைத்துப் பார்த்தார். “அஞ்சு.”

“அப்போ முதுகு?”

“பதினெட்டு அங்குலம்.”

“முன்பக்கமும் சேர்த்தா?”

“முப்பத்தாறு.”

“உங்க மார்பைச் சுத்தி அளங்க.”

அளந்தார். நாற்பத்திரண்டு. மூச்சை வெளியே விட்டு மறுபடி அளந்தார். அதே நாற்பத்திரண்டு.

“தப்பா ஏத்திட்டா.”

“வெள்ளையம்மாக்கா இந்த வீட்டுல ஒரு கண்ணி தப்பா ஏத்தி நான் பார்த்ததில்ல.”

வையாபுரி சிவப்புப் பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பட்டியை அவர் வேறு இடங்களில் பார்த்திருந்தார். கட்டபெட்டு பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் உடம்பில். பால் சொசைட்டியில் கேன் இறக்கும் இளைஞன் உடம்பில். தபால்காரரின் தம்பி உடம்பில். ஆண்டுக்கு ஒரு ஸ்வெட்டர், ஆண்டுக்கு ஓர் ஏழைப் பிள்ளைக்கு. ‘என் மனைவியும் மக்கள் தொண்டு செய்கிறவள்’ என்று இரண்டு மேடைகளில் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். எல்லோரும் ஒல்லி. எல்லோரும் ஒரே அளவு.

“எத்தனை பின்னினா?”

“பதினெட்டு. வருஷத்துக்கு ஒண்ணு. குளிர் வர்றதுக்கு முன்னாடி முடிச்சு, பொங்கல் வரைக்கும் பெட்டியில வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள வாங்கிக்க வேண்டியவர் வரலேன்னா, யாருக்குச் சேருதோ அவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. இது பத்தொன்பதாவது.”

“இது அவன் வீட்டை விட்டுப் போனப்போ இருந்த அளவு” என்றார் வையாபுரி.

டீச்சர் நாடாவை வாங்கி மேசையில் வைத்தார்.

“அவனுக்கு இப்போ நாப்பத்து மூணு வயசு. அன்னிக்கு ரோட்டுல நின்னப்போ பார்த்தேனே. தொப்பை போட்டிருக்கு. முன்தலை ஏறிப்போச்சு. முப்பத்தாறு எப்படிப் பத்தும்? அவளுக்குத் தெரியாதா?”

“போன்ல பேசுவாங்க, இங்கிருந்துதான். சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேப்பாங்க. அளவு கேட்டதில்ல.”

“கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமே? போய்ப் பார்த்திருக்கலாமே?”

“அவர் சேத்துக்காத பிள்ளையை நான் மட்டும் போய்ப் பார்த்தா, அவர் தனியா ஆயிடுவாருன்னு சொன்னாங்க.”

வெளியே பனிமூட்டம் இறங்கி ஜன்னலை மூடியது. டீச்சர் எழுந்து விளக்கைப் போட்டார். வையாபுரியின் குரல் பழைய வாயிற்கூட்டக் குரலாக உயர்ந்தது.

“பதினாலு குடும்பம், டீச்சர்! அவன் ஒரு கையெழுத்தால பதினாலு குடும்பம் தெருவுக்கு வந்துச்சு. அதுல ரெண்டு பேர் செத்தே போனாங்க. அவன் என் பிள்ளைங்கிறதுக்காக நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணுமா? நான் செஞ்சது தப்பா? சொல்லுங்க.”

“சங்க விஷயம் எனக்குத் தெரியாது, தலைவரே. எனக்கு ஸ்வெட்டர்தான் தெரியும்.”

அவர் மூச்சு அடங்க நேரமாயிற்று. மடியில் கிடந்த பின்னலை மெல்லத் தடவினார். நூல் மென்மையாக இருந்தது. எந்தக் கண்ணியும் இறுகியிருக்கவில்லை.

பிறகு ஊசியை உருவினார். தொண்ணூறு கண்ணிகளும் வாய் திறந்து நின்றன. நூலின் முனையைப் பிடித்து இழுத்தார். வரி வரியாக அது பிரிந்து வந்தது. டீச்சர் எதிரே உட்கார்ந்து, பிரிந்து வந்த நூலைத் தன் கையில் உருண்டையாகச் சுற்றினார். சிவப்புப் பட்டி வந்ததும் வையாபுரி நிறுத்தினார். பிறகு அதையும் பிரித்தார்.

இரண்டு உருண்டைகள். ஒன்று சாம்பல், ஒன்று சிவப்பு.

“புதுசா எத்தனை கண்ணி ஏத்தணும்?”

“தெரியாது.”

“குத்துமதிப்பாச் சொல்லுங்க.”

“குத்துமதிப்பாப் பதினெட்டு பின்னியாச்சு.”

டீச்சர் உருண்டைகளை மஞ்சள் பையில் போட்டார். மேசையில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டி அதற்குமேல் வைத்தார்.

வையாபுரி நாடாவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, யாரிடமோ பேரம் பேசுகிறவர்போலக் கேட்டார்.

“காலண்டர்ல அவன் நம்பர் இருக்கு. போன் போட்டுக் கேட்டுக்கலாமா?”

டீச்சர் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“நாடாவை முதுகுப் பக்கம் கொண்டுபோய்ச் சுத்தி, ரெண்டு முனையையும் முன்னாடி சேர்க்கணும், தலைவரே. தூரத்துல நின்னு அளக்க முடியாது.”