பகலோடு முடிய இருந்த ஏலம்

மருதோடைக் காட்டில் ஏலம் விடுவது கீரி தவமணியின் வேலை. முன்பெல்லாம் ஓடை நடுவே இருக்கும் பாறைமேல் ஏறி நின்று தொண்டை வறளக் கத்துவாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். மேட்டுக்காட்டுக்காரர்களுக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் பொருள் கைமாறியிருக்கும். காட்டில் எல்லாரிடமும் போன் வந்த பிறகு அவள் ஏலச் செயலிக்கு மாறிவிட்டாள். பொருளைப் படம் எடுத்துப் போட்டால் போதும். வேண்டியவர்கள் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்டார்கள்.

செயலி அவளிடம் கேட்பதெல்லாம் ஏலம் ஒரே நாளில் முடியுமா, பல நாள் நடக்குமா, எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்பதுதான். முடிவு நேரத்தில் யார் அதிகம் கேட்டிருக்கிறாரோ அவருக்குப் பொருள். பொருளுக்குச் சொந்தக்காரர் விரும்பினால் முடிவதற்குள் நாளை நீட்டிக்கொள்ளலாம், ஏற்கெனவே கேட்ட விலை செல்லும் என்பதையும் அவள் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

முதலில் எல்லாவற்றுக்கும் பலநாள் ஏலமே வைத்தாள். நாள் கூடினால் ஆள் கூடும் என்பது அவள் நினைப்பு. அப்படித்தான் ஒரு கரடி கொண்டுவந்த பழுத்த பலாவுக்கு நான்கு நாள் குறித்தாள். விலை ஏறிக்கொண்டே போனது. அவளுக்கும் சந்தோஷம். நான்காம் நாள் குரங்குகள் பழத்தை எடுக்க வந்தபோது அது வெடித்துக் கிடந்தது, சுற்றிலும் ஈ மொய்த்தது. குரங்குகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டன. கரடி அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டது.

தவமணிக்கு அது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. இனி எதுவானாலும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று அன்றே தீர்மானித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆமை பொன்னாத்தா அவளைத் தேடி வந்தாள். மருத மரத்தின் வேருக்கடியில் பொன்னாத்தாவுக்கு ஒரு வளை இருந்தது. ஆழமான வளை. எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாது, கோடையிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். தினமும் கரையேறி இறங்க முடியாமல் பொன்னாத்தா பெரிய ஏரிக்கே குடிபோக முடிவு செய்திருந்தாள். வளையை ஏலத்தில் விட்டு, அதற்கு ஈடாக அல்லிக்கிழங்கு வாங்கித் தரும்படி கேட்டாள். கோடை முழுக்க அவள் சாப்பாடு அதை நம்பித்தான் இருந்தது.

பக்கத்துப் புதரில் படுத்திருந்த நரி சூரப்பன் இதைக் கேட்டுக்கொண்டே எழுந்து வந்தான். தவமணி படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, பலாப்பழத்தில் பட்டது போதாதா என்று உருகினான்.

"நாளைக்கே வச்சிடு தங்கச்சி. காலையில ஆரம்பிச்சு, பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடு. உனக்கும் நிம்மதி, ஆமைக்கும் நிம்மதி" என்றான்.

அவள் நினைத்திருந்ததையே அவனும் சொன்னதால் தவமணி மறுயோசனை செய்யவில்லை. மறுநாள் பகலுக்கு ஏலத்தைக் குறித்துவிட்டாள்.

காலையில் ஏலம் தொடங்கியதுமே சூரப்பன் மூன்று கூடைக் கிழங்கு என்று கேட்டான். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள் தவமணி. அதே மூன்று கூடைதான். இவ்வளவு நல்ல வளை ஏன் யாருக்கும் வேண்டாம் என்று அவளுக்குப் புரியவில்லை. உட்கார்ந்திருக்க முடியாமல் ஓடையோரமாக நடந்தாள்.

பாறை இடுக்கு ஒன்றில் முள்ளம்பன்றி வெள்ளையம்மா இரண்டு குட்டிகளோடு முடங்கிக் கிடந்தாள். போன மழையில் அவள் வளை சரிந்துபோனது. அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் ஒரு வளை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்கூட ஏன் விலை கேட்கவில்லை என்று தவமணி கிட்டே போனாள். உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. பக்கத்து மரத்தில் மரநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கியது. கொஞ்சம் தள்ளி, எறும்பு தின்னும் அழுங்கும் உருண்டையாகச் சுருண்டு கிடந்தது.

தவமணிக்கு அப்போதுதான் உறைத்தது. வளை தேவைப்படுகிறவர்கள் அத்தனை பேரும் இரவில் நடமாடி, பகலில் தூங்குகிறவர்கள். இது சூரப்பனுக்குத் தெரியாததா?

வெள்ளையம்மாவை எழுப்பக் கை நீட்டியவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஒருத்தியை மட்டும் எழுப்பினால் அதுவும் ஓரவஞ்சனைதான். நேராகப் பொன்னாத்தாவிடம் ஓடினாள்.

"அக்கா, நான் தப்பா நாள் குறிச்சுட்டேன்" என்று மூச்சு வாங்கச் சொல்லி, நடந்ததை விளக்கினாள். அதிக நாள் வைக்கத் தனக்குப் பயமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

பொன்னாத்தா கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தாள்.

"பலாப்பழம் அழுகும். வளை அழுகுமாடி?"

தவமணிக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பொன்னாத்தா சம்மதிக்க, பொழுது சாய்வதற்குள் ஏலத்தை இன்னும் மூன்று நாள் நீட்டினாள். அதற்குள் எந்த நேரத்திலும் விலை கேட்கலாம் என்று காடு முழுவதற்கும் சேதி அனுப்பினாள்.

சூரப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பாதியில் நாளை மாற்றுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டான். தவமணி குரலை உயர்த்தவில்லை.

"உங்க மூணு கூடை அப்படியே நிக்குதுண்ணே. வேற யாரும் அதிகமா கேக்கலைன்னா வளை உங்களுக்குத்தான். மத்தவங்க முழிச்சிருக்கும்போது கேக்கறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

 சூரப்பன் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் போனைப் பார்த்தவளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. மரநாய் ஐந்து கூடை கேட்டிருந்தது. அழுங்கு ஏழு. வெள்ளையம்மா எட்டு. பகலில் சூரப்பன் ஒன்பது என்றான். விலை இப்படியே ஏறி, கடைசியில் வெள்ளையம்மாவின் பதினைந்து கூடையில் நின்றது. கிழங்கு தோண்டுவதில் அந்தக் காட்டில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. சொன்னபடி தோண்டிக் கொண்டுபோய் ஏரிக்கரையில் அடுக்கிவிட்டுத்தான் குட்டிகளோடு வளைக்குள் குடிபோனாள். குட்டிகள் உள்ளே போன வேகத்தில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டன. பொன்னாத்தா ஏரியில் இறங்கி ஒரு சுற்று நீந்திவிட்டு, கரையில் இருந்த கிழங்குக் குவியலைப் பார்த்து நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள்.

சில நாள் கழித்துச் சூரப்பன் ஒரு கூடை நண்டோடு தவமணியின் முன் வந்து நின்றான். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, இதற்கு எத்தனை நாள் குறிப்பாய் என்று கேட்டான். வெயில் ஏறினால் நாறிவிடும் பொருள். நண்டுக்கு ஆசைப்படும் கொக்கும் நீர்நாயும் அதிகாலையிலேயே எழுந்துவிடுபவர்கள். தவமணி மறுநாள் காலைக்கே ஒருநாள் ஏலமாகக் குறித்தாள். வெயில் சுடுவதற்கு முன்பே கூடை காலியாகி, சூரப்பன் எதிர்பார்த்ததற்கு மேலாகவே விலை வந்தது. போகும்போது அவன் திரும்பிப் பார்த்து, "நல்லாத்தான் நடத்துற தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுவதும் தவமணி வாய்க்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தாள்.

பட்ட பயத்தை வைத்தோ பிறர் பேச்சை வைத்தோ அல்லாமல், பொருள் எவ்வளவு நாள் தாங்கும், அது வேண்டியவர்களுக்கு எப்போது வசதிப்படும் என்று பார்த்து நேரம் குறிக்கிறவரே எல்லாருக்கும் நியாயமாக நடக்க முடியும்.