ஒன்பது உலைகள்

தில்லைநாதர் ஒரு சிறிய நாட்டின் அமைச்சராக இருந்தவர். பதவி பறிபோன பிறகு உலகம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். குருவைவிட அவருக்கு இருபது வயது அதிகம். மூன்று ஆண்டுகள் தண்ணீர் சுமந்தார், விறகு பிளந்தார். பழையதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு காலையில் கேட்டார்.

"அம்மா, எங்கள் நாட்டுக்கு ஏர் முனையில் மாட்டும் இரும்புக் கொழு கப்பலில்தான் வரும். நம் ஆட்களும் செய்யப் பழகட்டும் என்று பத்து ஆண்டுகளுக்கு அதைத் தடுத்தேன். அரசுச் செலவில் ஒன்பது உலைகள் கட்டினேன். பத்து ஆண்டு கழிந்தும் எங்கள் கொழு காய்ந்த மண்ணில் முறிந்துகொண்டேதான் இருந்தது. விதைக்கிற நேரத்தில் ஏர் நின்றுபோய்ப் பட்டினி கிடந்தவர்கள் அரசரிடம் அழுதார்கள். அவர் தடையை நீக்கினார். இரண்டே மாதத்தில் ஒன்பது உலைகளும் அணைந்துவிட்டன. முன்னூறு குடும்பம் ஊரைவிட்டுப் போனது. நான் தடுத்ததே பிழையா? இல்லை, இருபது ஆண்டு கொடுத்திருக்க வேண்டுமா?"

உலகம்மை கட்டுச்சோறு கட்டச் சொன்னார்.

இரண்டு நாள் நடந்து உலைகள் இருந்த ஊருக்குப் போனார்கள். பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஒரு வீட்டில் மட்டும் புகை தெரிந்தது. அங்கே இருளப்பன் இருந்தார். உலையில் இரும்பு உருக்கியவர், இப்போது கரி சுட்டு விற்கிறார். அமைச்சரை அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படவில்லை. கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்.

குடிக்கும்போது பேச்சு உலையின் பக்கம் திரும்பியது. நான்காம் ஆண்டிலேயே ஆற்றுக் கருமணலை உருக்கி, முறியாத கொழு செய்துவிட்டதாக இருளப்பன் சொன்னார். கரிதான் இரண்டு மடங்கு பிடிக்கும். உலை அதிகாரி வேண்டாம் என்றுவிட்டாராம். முறிந்தால்தானே மறுபடி வாங்குவார்கள், வேறெங்கே போய்விடுவார்கள் என்று சிரித்தாராம்.

இருளப்பன் உள்ளே போய், துணியில் சுற்றிய கொழு ஒன்றை எடுத்து வந்தார். தில்லைநாதர் அதை வாசற்கல்லில் ஓங்கி அடித்தார். கல் தெறித்தது.

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்லத்தான் வந்தேன் ஐயா. என் மகனையும் கூட்டிக்கொண்டு பதினோரு நாள் உங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பார்க்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்."

மகன் எங்கே என்று உலகம்மை கேட்டார்.

"உலை அணைந்ததும் கப்பலேறிவிட்டான் தாயி. நமக்குக் கொழு அனுப்புகிற நாட்டில்தான் அவனும் கொழு அடிக்கிறானாம். இங்கே கடைக்கு வருகிறதில் அவன் அடித்தது எதுவென்று பார்ப்பேன். தெரியவில்லை."

தில்லைநாதர் போகும்போது கொழுவை இருளப்பனிடம் இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தில்லைநாதர் மறுநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"எத்தனை ஆண்டு கொடுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும், அம்மா?"

உலகம்மை நின்றார்.

"உங்கள் வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவர் ஆண்டு கேட்டா வந்தார்?"